ஆறு கீழே, ஊர்கள் மேலே

இமாசலப் பிரதேசத்தின் காசா நகரை ஒட்டி, அகன்ற கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து ஸ்பிதி ஆறு ஓடுகிறது. அவ்வளவு தண்ணீர் கீழே இருக்க, லாங்சா, ஹிக்கிம், கோமிக் ஆகிய சிற்றூர்கள் ஏன் அதற்குப் பல நூறு மீட்டர் மேலே, மரமே இல்லாத மலைச்சரிவுகளில் அமைந்தன என்பதுதான் அன்று காலை காசாவிலிருந்து வண்டி வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும் எனக்கு எழுந்த கேள்வி.

அதற்கான விடை ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்திலுள்ள லாங்சாவிலேயே கண்முன் கிடந்தது. ஆறு ஆழத்தில் ஓடுவதால் அதன் நீரை வயலுக்கு ஏற்ற வழியில்லை. தெற்கே உள்ள மலைத்தொடர்கள் பருவமழை மேகங்களைத் தடுத்துவிடுவதால் வானத்தை நம்பவும் முடியாது. எஞ்சியிருப்பது குளிர்காலப் பனி உருகி வரும் நீர் மட்டுமே. 6,303 மீட்டர் உயரமுள்ள சௌ சௌ காங் நில்டா சிகரம் ஊருக்குப் பின்னால் வெண்மையாக நிற்கிறது. அந்தப் பக்கத்து மலைகளிலிருந்து உருகி வழியும் நீரைக் ‘குல்’ எனப்படும் மெல்லிய வாய்க்கால்களில், சரிவின் ஓரமாகவே கிலோமீட்டர் கணக்கில் நடத்திக் கொண்டுவந்து பார்லிக்கும் பட்டாணிக்கும் பாய்ச்சுகிறார்கள். எந்த வீட்டுக்கு எந்த முறை என்பதை ஊரே வகுத்திருக்கிறது. பழைய வழக்கப்படி நிலமும் நீருரிமையும் மூத்த மகனுக்கே போயின. இளையவர்களில் பலர் மடாலயம் சேர்ந்து துறவிகளாயினர். குறைந்த நீரையும் சிறிய வயலையும் துண்டாடாமல் காத்த ஏற்பாடு அது என்று புரிந்தாலும், இளையவனாகப் பிறந்த ஒரு சிறுவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அத்தனை எளிதாக ஏற்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

நீருக்கு இவ்வளவு ஏங்கும் இதே மண் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. இந்திய நிலத்தட்டு ஆசியாவுடன் மோதி இமயம் எழுவதற்கு முன்பு இங்கே டெதிஸ் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரினங்களின் புதைபடிவங்கள் லாங்சாவின் ஓடைகளில் இன்றும் கிடைக்கின்றன. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் எடுத்து நம் வீட்டுப் பூசையறைகளில் வைத்து வழிபடும் சாளக்கிராமமும் இதே வகைப் புதைபடிவம்தான். சிறுவர்கள் சிலர் அவற்றை விற்க நீட்டினார்கள். அவை இருக்குமிடத்திலேயே இருப்பது நல்லது என்று கருதி நான் வாங்கவில்லை.

ஹிக்கிமில் 1983-இல் தொடங்கிய அஞ்சலகம் இருக்கிறது. அங்கிருந்து அட்டை அனுப்புவோரின் வரிசை நீளமாக இருந்ததால் விரைவில் புறப்பட்டுவிட்டேன். கோமிக் இன்னும் உயரம். திபெத்திய பௌத்தத்தின் சாக்கியப் பிரிவைச் சேர்ந்த தாங்யுத் மடாலயம் அங்கே உள்ளது. அங்கு என்னை அதிகம் சிந்திக்க வைத்தது கழிப்பறை. மேல்தளத்தில் ஒரு துளை, கீழே ஓர் அறை. பயன்படுத்தியபின் மண்ணையோ சாம்பலையோ தள்ள வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரும் செலவாகாது, மட்கியது வசந்தத்தில் வயலுக்கு எருவாகிறது. பயணிகளுக்காகக் காசாவின் விடுதிகளில் இப்போது பீங்கான் கழிப்பறைகளும் வெந்நீர்க் குழாய்களும் வந்துவிட்டன. முன்பு போல் பனி விழுவதில்லை, வாய்க்காலில் நீர் வருவது தள்ளிப்போகிறது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டபின், அந்த வசதிகளை நாம் கேட்டு வாங்குவது நியாயமா என்று உறுத்தியது.

பிற்பகலில் கீழிறங்கி, குன்றின்மேல் அடுக்கடுக்காக எழுந்திருக்கும் கீ மடாலயத்தைப் பார்த்துவிட்டு, கிப்பர் வழியாகச் சிச்சம் சென்றோம். கிப்பருக்கும் சிச்சமுக்கும் நடுவே செங்குத்தான ஆழ்ந்த பிளவு ஒன்று இருக்கிறது. 2017-இல் பாலம் திறக்கப்படும் வரை, கயிற்றில் தொங்கும் சிறு கூடையில் உட்கார்ந்து, கையால் இழுத்துத்தான் மக்கள் அதைக் கடந்தார்கள்; மாவும் மண்ணெண்ணெயும் நோயாளிகளும் சென்ற வழியும் அதுவே. எங்கள் ஓட்டுநரும் சிறுவயதில் அப்படிப் போனவர்தான். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தி, பழைய கம்பிவடம் கட்டியிருந்த இடத்தைக் காட்டினார். அப்போது பயமாக இருந்ததா என்று கேட்டேன். காற்று அடிக்கும் நாட்களில் மட்டும் என்று சொல்லிவிட்டு, பட்டாணி மூட்டைகளுடன் பின்னால் வந்துகொண்டிருந்த சரக்கு வண்டிக்கு வழிவிட வண்டியைக் கிளப்பினார்.