வேலூர்ல நான், லண்டன் ஈஸ்ட் ஹாம்ல சாப்பாட்டுக் கடை

ஆகஸ்ட் 11, 2025
நைனாவுக்கு ஆபரேஷன் தேதி இன்னும் சொல்லல. காந்தி ரோட்டுல லாட்ஜ். கீழ பெங்காலி மெஸ், வைத்தியத்துக்கு வர்ற அந்த ஊர் ஜனங்கள நம்பி கல்கத்தால இருந்து வந்து போட்ட கடை. கல்லாவுல இருந்தவர்கிட்ட மாஸ்டர் எந்த ஊருன்னுதான் மொதல்ல கேட்டேன். சொந்தக்காரப் பையனாம், போன மாசம்தான் வரவச்சாராம். குடுத்து வச்ச மனுஷன், ரயில் டிக்கெட்டோட வேலை முடிஞ்சிது.

ஆகஸ்ட் 12
சாயங்காலம் 4:30க்கு லண்டன்ல 12 மணி, நம்ம கடை ஷட்டர் தொறக்குற நேரம். யாரும் போன் எடுக்கல.

ஆகஸ்ட் 14
ஆம்பூர் சித்தப்பா காலைலயே வந்துட்டாரு. நைனாவ பாக்க வந்த மாதிரி வந்து, ஏம்பா நம்ம பையன கூட்டினு போயேன்னு அதே பேச்சு. அங்க நம்ம கடை மாஸ்டர் வேற அடுத்த மாசம் வேலைய விட்டு நின்னுக்கறேன்னுட்டாரு. எப்படி கூட்டினு போறது சித்தப்பா, வேலை விசாவுக்கு வருஷம் 26,200 பவுண்டு சம்பளம் காட்டினா போதும்னு இருந்தத 2024 ஏப்ரல்ல அந்த ஊரு கவர்மெண்டுக்காரன் 38,700 ஆக்கினான், இப்போ ஜூலை 22ல இருந்து 41,700, அது போதாதுன்னு டிகிரி லெவல் வேலைக்குதான் ஸ்பான்சராம், புதுசா சமையல்காரனுக்கு விசாவே கெடையாது. இவன் பத்தாவது பெயிலு. ஆனா ஒரு கல்யாணத்துல அவன் வேலைய பாத்துட்டேனே, அதான் வயித்தெரிச்சல். கொதிக்கிற சீரக சம்பாவுல ஒரு பருக்கைய எடுத்து ரெண்டு வெரல்ல நசுக்கி பாத்தான், அவ்ளோதான், வடிச்சு மசாலா மேல கொட்டி மூடி மேல நெருப்ப அள்ளி போட்டான். வாட்ச் பாக்கல. டிகிரி படிச்சவன் எவனாவது அத செய்வானா?

ஆகஸ்ட் 15
சுகர் 280. நைனா பிரியாணி கேக்குறாரு.

ஆகஸ்ட் 17
அக்கா இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா கொண்டாந்தா. 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அதான். எண்ணெ கத்திரிக்காய்னா இதுல செய்யணும், வாயில வச்சா கரையுது. ஈஸ்ட் ஹாம்ல வாங்குறதுல தோலு ரப்பரு. ராத்திரி கடைக்கு போன் பண்ணேன், சோறு கொழஞ்சிடுச்சுன்னு ஒருத்தர் சண்டையாம்.

ஆகஸ்ட் 19
நாளைக்கு ஆபரேஷன். ரத்தம் குடுக்க சித்தப்பா பையன்தான் ஆம்பூர்ல இருந்து பஸ் புடிச்சு வந்தான். கையில ஊசிய வச்சுக்கினே, அண்ணா அங்க வெறகா கேஸான்றான். கேஸுதான்டா, வெறகு மூட்டினா ஃபயர் சர்வீஸ் வண்டி வந்துடும்னேன். சிரிக்கிறான். சித்தப்பா இவன்கிட்ட இன்னும் ஒன்னும் சொல்லல போல.