பட்டாளத்துக்காரர் வீட்டுக் காகிதங்கள்

தமிழ்நாட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் நிறைய உண்டு. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் போகிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் சம்பளம் வாங்காமல் உதவ வருகிறவர்கள், எடுத்தவுடன் படிவம் நிரப்பக் கற்றுக்கொள்கிறார்கள். அது பிறகு வரட்டும். பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கையும், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையையும் வரிவரியாகப் படிக்கத் தெரிந்தால்தான் மற்றதெல்லாம்.

ஒரு வீட்டுக்குப் போனதும் கேட்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக், முதல் பி.பி.ஓ., அதற்குப் பின் வந்த திருத்த பி.பி.ஓ.க்கள் எல்லாம், கணவன் மனைவி இருவரின் ஆதார், பாஸ்புக். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் முதலில் ஒப்பிடுங்கள். ராணுவ ரெக்கார்டில் ‘லட்சுமி’ என்று இருக்கும். ஆதாரில் ‘விஜயலட்சுமி’, பாஸ்புக்கில் ‘லட்சுமி அம்மாள்’. பிறந்த தேதி ஆதாரில் ஜனவரி 1, டிஸ்சார்ஜ் புக்கில் வேறு. நம்முடைய இனிஷியல் வழக்கம் வடக்கே இருக்கிற கிளார்க்குக்குப் புரியாது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக விரித்து எழுதியிருப்பார், அல்லது அடியோடு விட்டிருப்பார். குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் தள்ளிப்போவது பெரும்பாலும் இந்த ஒற்றை எழுத்து வித்தியாசத்தால்தான்.

இதைப் படைவீரர் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும். அவரே கையெழுத்துப் போட்டுக் கேட்டால், அவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் எடுபடும். அவர் போன பிறகு, அந்த அம்மாதான் தானே அந்த மனைவி என்று நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும். எழுபது வயதில் யாருக்கும் அந்த நிலை வரக்கூடாது.

சர்வீஸ் நம்பர், ராங்க், பி.பி.ஓ. எண் மூன்றையும் தலைப்பிலேயே போட்டு விண்ணப்பம் எழுத வேண்டும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று மாஜிஸ்திரேட் முன் செய்த பிரமாணப் பத்திரம், ஆதார் நகல், இருவரும் சேர்ந்த புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புவது நல்லது. நேரே தபாலில் போட்டதைவிட அந்த அலுவலக முத்திரையோடு போனதற்குப் பதில் சீக்கிரம் வரும். எந்த ரெக்கார்ட் ஆபீஸ் என்பது அவர் இருந்த படைப்பிரிவைப் பொறுத்தது: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) செகந்திராபாத், ஆர்ட்டிலரி நாசிக். அங்கே பார்ட் டூ ஆர்டர், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்யும் ராணுவ உத்தரவு, வெளியான பின்தான் பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்திலிருந்து திருத்த பி.பி.ஓ. வரும். இரண்டும் கைக்கு வரும்வரை கேஸ் முடியவில்லை. பார்ட் டூ ஆர்டர் நகல் வந்ததுமே ‘ஆச்சு’ என்று ஃபைலை மூடிவிடுகிறவர்கள் உண்டு.

தப்பு ஆதாரில்தான் என்றால் ஆதாரைத் திருத்துவதே சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். அவசரப்பட்டு இ-சேவை மையத்தில் எதையாவது மாற்றிவைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இறப்பு நேர்ந்த வீட்டுக்குப் போகும்போது காகிதம் கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும். இருந்தாலும் இரண்டு விஷயத்தை முதல் வாரத்திலேயே சொல்லியாக வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யும்போது பி.பி.ஓ.வில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் கூப்பிடும் பெயர் இருக்கும், அதுவே சான்றிதழிலும் ஏறிவிடும். அடுத்தது, இறந்தவருடைய ஏ.டி.எம். கார்டில் பணம் எடுக்கக் கூடாது. இறந்த தேதிக்குப் பின் வரவான ஓய்வூதியத்தை அரசு திரும்பப் பிடிக்கும், அதுவும் அந்த அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்திலிருந்தே பிடிக்கும். காரியச் செலவுக்குப் பிள்ளைகள் எடுத்துவிட்டு, பிறகு அம்மா மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பது பல வீடுகளில் நடக்கிறது.

இறப்புத் தகவலை, ராணுவ ஓய்வூதியத்துக்கான இணையதளமான ஸ்பர்ஷில் பதிவு செய்து சான்றிதழை ஏற்ற வேண்டும். பி.பி.ஓ.வில் மனைவி பெயர் சரியாக இருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு வாரிசுச் சான்று தேவையில்லை. தாலுகா ஆபீஸில் அதற்காக வாரக்கணக்கில் அலைந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. நிலுவைத் தொகைக்கு நாமினி போடாமல் விட்டிருந்தால்தான் அது வேண்டும்.

தொகை எவ்வளவு என்று கட்டாயம் கேட்பார்கள். சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தபட்சம் அடிப்படை 9,000 ரூபாய், அதோடு அகவிலைப்படி. ஓய்வுக்குப் பின் இறந்தவர் என்றால் இறந்த நாளிலிருந்து 7 ஆண்டு, அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள், இதில் எது முந்தியோ அதுவரை கூடுதல் விகிதம். அந்தக் காலம் முடிந்து தொகை குறையும்போது யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைத்துப் பதறிப்போவார்கள். எந்த மாதம் குறையும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அதைத் தனி கேஸாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாதிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு ரெக்கார்டில் ஏற்றிவிட வேண்டும். கணவனை இழந்த அல்லது விவாகரத்தான மகளுக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த இழப்பு பெற்றோர் காலத்திலேயே நேர்ந்திருக்க வேண்டும். விவாகரத்து என்றால், வழக்காவது அவர்கள் இருக்கும்போதே போடப்பட்டிருக்க வேண்டும்.

ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் கொடுக்கும் லைஃப் சர்டிஃபிகேட்டில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. அதை ஆன்லைனில் கொடுக்கும் ஜீவன் பிரமாணில் பணம் வழங்கும் நிறுவனம் எது என்று கேட்கும் இடத்தில், ஸ்பர்ஷுக்கு மாறியவர்களுக்கும் பழைய வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்றிதழ் எண் வரும், குறுஞ்செய்தியும் வரும், ஆனால் ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது. சில மாதத்தில் ஓய்வூதியம் நிற்கும். அங்கே ‘ஸ்பர்ஷ் பி.சி.டி.ஏ. பென்ஷன்’ என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வயலில் உழைத்து ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு விரல் பதியாது. கைபேசியில் முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் போதும்.

ஓய்வூதியமே இல்லாதவர்களைத் தேடித்தான் போக வேண்டும். 15 ஆண்டு சர்வீஸ் நிறையாமல் வந்த சிப்பாய்களும் அவர்களுடைய விதவைகளும் ‘நமக்கு எதுவும் கிடையாது’ என்று அலுவலகப் பக்கமே வருவதில்லை. ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து, 65 வயது கடந்து, ஓய்வூதியமில்லாமல் இருப்பவர்களுக்கு முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் போர்டு மூலம் வறுமை நிதி உண்டு. மாதம் 4,000 ஆக இருந்தது, 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாய் ஆகியிருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில், சரிபார்ப்பு மாவட்ட அலுவலகத்தில். இவர்களிடம் டிஸ்சார்ஜ் புக் பெரும்பாலும் கரையான் அரித்தோ மழையில் நனைந்தோ போயிருக்கும். சர்வீஸ் நம்பர் மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த எண்ணை வைத்தே ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி நகல் கேட்கலாம்.

சேவை செய்ய வருகிறவர் செய்யவே கூடாத சில உண்டு. ஓ.டி.பி.யையும் ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அசல் காகிதங்களை உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கேயே படம் எடுத்துக்கொண்டு அவர்கள் கண்முன் திருப்பிக் கொடுங்கள். யாருக்கும் ‘அடுத்த மாதம் வந்துவிடும்’ என்று தேதி சொல்லாதீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டு வைத்து, அனுப்பிய தேதி, பதிவுத் தபால் எண், வந்த பதில் எல்லாவற்றையும் எழுதுங்கள். இந்தியிலோ இங்கிலீஷிலோ வரும் கடிதத்தை ஆற அமரத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், பாதிக் கவலை அதிலேயே தீரும்.

இரண்டு மனைவிகள், சொத்துத் தகராறு என்று வந்தால் யார் பக்கமும் பேசாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையமான நால்சா தொடங்கிய வீர் பரிவார் திட்டத்தின்படி சைனிக் போர்டு அலுவலகங்களிலேயே இலவசச் சட்ட உதவி மையங்கள் அமைகின்றன. முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தினரும் அங்கே தன்னார்வலராகச் சேரலாம். ஓய்வு பெற்ற கிளார்க் ஹவில்தார்கள் யாராவது இதைப் படித்தால் மாவட்ட அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பார்ட் டூ ஆர்டர் எழுதிப் பழகிய கை அங்கே மிகவும் தேவைப்படுகிறது.