அப்பா எண்ணும் சால்கள்

பாலக்கோட்டுக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் முற்பகல் 10.30 மணிக்கு, மறதி நோய் வந்த ஏழு பெரியவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் வீட்டாரும் ஒரு நண்பர் வீட்டுத் தாழ்வாரத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடுகிறோம். அந்த ஏழு பேரில் ஒருவர் என் அப்பா.

அப்பாவுக்கு முதலில் தடுமாற்றம் தொடங்கியபோது நாங்கள் காட்டிய மருத்துவர், வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அது முதுமையின் இயல்பு அல்ல, நோய் என்று இன்னொரு மருத்துவர் சொல்லி நாங்கள் அறிவதற்குள் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. தொகையாகச் சொன்னால் சுமார் 88 லட்சம் பேர். அந்த 88 லட்சம் பேருக்கும் பின்னால் இரவில் தூங்காத ஒரு மனைவியோ மகளோ மருமகளோ இருக்கிறாள் என்பதுதான் எனக்கு அதைப் படித்தவுடன் தோன்றியது. எங்கள் வீட்டில் அது அம்மா. எல்லாவற்றையும் விட அவரை வாட்டியது அப்பாவைக் குளிக்க வைப்பதுதான். உடையைக் கழற்றினாலே யாரோ தன்னை அடிக்க வருவதாக நினைத்து அப்பா கத்துவார். அம்மாவின் கையில் நகக்கீறல் ஆறாமலேயே இருக்கும்.

பாட்டுக்காக இப்படிக் கூடும் வழக்கம் நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. இங்கிலாந்தில் மறதி நோயாளிகளுக்கான தொண்டு அமைப்பான அல்சைமர் சொசைட்டியின் ‘சிங்கிங் ஃபார் தி பிரெயின்’ கூட்டங்கள் 2003இல் தொடங்கியவை. பின்லாந்தில் நோயாளியும் கவனிப்பவருமாக 89 இணைகளை வைத்துப் பத்து வாரம் நடத்தி, 2014இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடிய குழுவில் நோயாளிகளின் மனநிலை மேம்பட்டதோடு கவனிப்பவர்களின் மனநலமும் மேம்பட்டதாகக் கண்டார்கள். நான் பிடித்துக்கொண்டது அந்த இரண்டாவது பாதியைத்தான். அதனால் எங்கள் தாழ்வாரத்தில் பெரியவரை உட்கார வைத்துவிட்டு வெளியே போய் அலைபேசியில் பேசுவதற்கு யாருக்கும் இடமில்லை. கூட வந்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து பாட வேண்டும், குரல் எப்படி இருந்தாலும் சரி.

மாலையில் இவர்களுக்குக் குழப்பம் கூடிவிடும் என்பதால் முற்பகலை வைத்துக்கொண்டோம். ஒலிபெருக்கி கிடையாது, இரண்டு ஜோடி ஜால்ராவும் ஒரு கஞ்சிராவும் போதும். ‘இது யார் பாட்டு, ஞாபகம் இருக்கிறதா’ என்று யாரும் கேட்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி, ஏனென்றால் அந்தக் கேள்வி விழுந்ததும் அவர்கள் முகம் சுருங்கி அன்றைக்கு வாயே திறக்க மாட்டார்கள்.

எந்தப் பாட்டு என்பதில்தான் தொடக்கத்தில் தவறினோம். எல்லோருக்கும் தெரியும் என்று பக்திப் பாடல்களை வைத்தோம். பாதிப் பேர் பேசாமல் இருந்தார்கள். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நெஞ்சில் ஏறிய பாட்டுதான் கடைசிவரை நிற்கிறது. அந்த வயதில் இவர்கள் பாடியது நாற்றங்காலிலும் கேழ்வரகு அறுத்த காட்டிலும் கும்மி கொட்டிய களத்திலும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பாட்டிக்குத் தாய்மொழி தெலுங்கு. ஐம்பது ஆண்டுகள் இங்கே பேசிய தமிழ் இப்போது அவரிடமிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. அவருடைய மகன், தன் தாய்மாமனிடம் உட்கார்ந்து இரண்டு தெலுங்குத் தாலாட்டுகளைக் கற்றுக்கொண்டு வந்து பாடினார். பாட்டி அவரைத் திருத்தினார், ஒரு சொல்லை மூன்று முறை, அது சரியாக வரும்வரை.

இன்னொரு அம்மா ஒருநாள் திடீரென ஒப்பாரி எடுத்தார். வீட்டில் சாவு இல்லாத நேரத்தில் ஒப்பாரி வைக்கலாகாது என்று சிலர் தடுக்கப் பார்த்தார்கள், அவர்கள் மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர் பாடி முடிக்கட்டும் என்று விட்டது சரியென்றே இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் அழுது முடித்த பிறகு அவர் தானாகவே டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

அப்பா நான்கு கூட்டங்கள் வாய் திறக்கவில்லை. ஐந்தாவதில் ஒருவர் கஞ்சிராவை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தபோது, அந்தத் தட்டுக்கு அவருடைய இரு கைகளும் கயிற்றைப் பிடித்துத் தாழ்த்துவதுபோலக் கீழே போய் மேலே வந்தன. பிறகு குரல் வந்தது: ஏற்றப்பாட்டு. எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வருவதற்கு முன்பு, சித்தப்பா மேலே துலா என்னும் ஏற்ற மரத்தை மிதிக்க, அப்பா கிணற்று மேட்டில் நின்று சால் என்னும் இறைவாளியை இறக்கி ஏற்றும்போது, இறைத்த சாலின் கணக்கைப் பாட்டுக்குள்ளேயே வைத்து எண்ணிக்கொண்டு போவார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத மனிதர், எண் பிசகாமல் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வோர் எண்ணுக்குப் பிறகும் நிறுத்திக் காத்திருந்தார். பின்பாட்டுப் பாட வேண்டிய சித்தப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் யாருக்கும் அந்த அடி தெரியாது.

அம்மா பாடினார். அந்தக் காலத்தில் வயலில் நின்று மடை திருப்பியவர் அவர்தான். கிணற்றடியிலிருந்து வந்த அந்தப் பாட்டை நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளாகச் சோறு ஊட்டவும் துணி மாற்றவுமே திறந்த வாய், அன்று அப்பாவுக்கு எதிர்ப்பாட்டுக் கொடுத்தது. நாற்பது சால்வரை இருவரும் போனார்கள்.

இதனால் அப்பாவின் நோய் குறைந்துவிடவில்லை, குறையும் என்று யாருக்கும் நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் இப்போது குளியல் வேளையில் அம்மா வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு அப்பாவை உட்கார வைத்து, முதல் சொம்பை அவருடைய பாதத்தில் ஊற்றிக்கொண்டே ஒன்று என்று அந்த மெட்டில் எடுக்கிறார். அப்பா இரண்டைத் தொடுகிறார். பெரும்பாலும் இருபது சொம்புக்குள் குளியல் முடிந்துவிடுகிறது.