பதில் தப்பா இருந்தாலும் புள்ளைகளப் பேச விடுங்க

கிளாஸ்ல சத்தம் கேட்டா டீச்சருக்கு கன்ட்ரோல் இல்லைன்னு பேசுற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் போகல, எனக்கு அதுல துளிகூட உடன்பாடு இல்ல. மேலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில ஆறு, ஏழு வகுப்புக்கு கணக்கு எடுக்குறேன், புள்ளைக வாயத் தொறந்து பேசுற கிளாஸ்லதான் கணக்கு ஏறுது, இத வருஷா வருஷம் கண்ணால பாக்குறேன்.

போன வாரம் தசம எண். போர்டுல 0.35, 0.8 ரெண்டையும் எழுதி எது பெருசுன்னு கேட்டேன். பாதி கிளாஸ் 0.35ன்னு கத்துச்சு, முப்பத்தஞ்சு எட்டை விட பெருசுல்ல. முழு எண்ணுல பழகுன கணக்க அப்படியே இங்கயும் கொண்டாந்துருவாங்க, உலகம் பூரா புள்ளைகளுக்கு வர்ற குழப்பம்தான் இது. தப்புன்னு சொல்லி சரியான வழிய போட்டுக் காமிச்சா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும், ஆனா அந்த முப்பத்தஞ்சு மண்டைக்குள்ள அப்படியே உக்காந்திருக்கும். அதனால "ஏன்?"னு மட்டும் கேட்டுட்டு ஓரமா நின்னுக்கிட்டேன்.

பின்னாடி பெஞ்சுல ஒரு பொண்ணு, வீட்ல மல்லி போட்டிருக்காங்க, எடை போடுறத தெனமும் பாக்குறவ, எந்திரிச்சு "டேய், மாட்டுத்தாவணி மார்க்கெட்ல 0.35 கிலோன்னா 350 கிராம்தானடா, 0.8ன்னா 800 கிராம், எதுக்குடா காசு கூட வரும்?"னு கேட்டா. முதல்ல பதில் சொன்ன பையன் விடல. "அப்ப எட்டுக்குப் பின்னாடி ரெண்டு சைபர் எங்கிட்டு இருந்து வந்துச்சு?"ன்னான். இந்தக் கேள்விதாங்க பாடமே! 0.35ல அந்த மூணு எத்தனை கிராம், அஞ்சு எத்தனை கிராம்னு நடுவுல ஒரே ஒரு கேள்வி போட்டேன், அதுக்கப்புறம் பத்துல எட்டுதான் நூறுல எண்பது, ஆயிரத்துல எண்ணூறுன்னு அவங்களே சண்டை போட்டு புடிச்சுட்டாங்க.

இதுக்கு நமக்கு வேண்டியது கொஞ்சம் பொறுமை. அமெரிக்காவுல மேரி பட் ரோ-ங்கிற அம்மா 1970கள்லயே இத ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. கேள்வி கேட்டுட்டு டீச்சருங்க சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்க, அத மூணு செகண்ட் ஆக்குனாலே பதில் நீளமா வருது, தெரியலன்னு சொல்றது குறையுது, புள்ளைக திருப்பிக் கேள்வி கேக்க ஆரம்பிக்குதுக. மூணு செகண்ட் கேக்க சின்னதா இருக்கு, போர்டு முன்னாடி சும்மா நின்னு பாருங்க, தெரியும்.

நம்ம நன்னூல்ல இதவிட அழகா இருக்கு. 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதுனது. ஆசிரியர் சொன்னத முழுசா வாங்கிக்கிட்டாலும் கால் பங்குதான் வரும், கூடப் படிக்கிறவங்களோட பழகுறதுல இன்னொரு கால், மிச்ச அரை நாம அடுத்தவங்களுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். முக்கால் பங்கு பேச்சுலயும் பழக்கத்துலயும் இருக்கு, நாம கால் பங்குக்காக நாப்பது நிமிஷமும் தொண்டத்தண்ணி வத்த கத்திக்கிட்டு இருக்கோம்.

"புரிஞ்சுச்சா?" "புரிஞ்சுச்சு டீச்சர்ர்ர்"னு கோரஸா வர்றது உரையாடலே இல்ல. அதுல டீச்சருக்கும் ஒண்ணும் தெரியாது, புள்ளைக்கும் ஒண்ணும் தெரியாது. "அவ சொன்னத உன் வார்த்தையில சொல்லு", "இவன் சொல்றத நீ ஒத்துக்கிறியா, ஏன்?" இந்த ரெண்டையும் கேட்டுப் பாருங்க, யாருக்கு எங்க முட்டுதுன்னு அப்பவே தெரிஞ்சிரும்.

போர்ஷன் முடியாதேன்னு ஸ்டாஃப் ரூம்ல கேக்குறாங்க. நியாயமான கவலைதான். எல்லா பாடத்துக்கும் நான் இப்படி செய்யல, தசமம், பின்னம், குறை எண் மாதிரி புள்ளைக வழுக்குற எடத்துல மட்டும் ஒரு பீரியட விட்டுக் கொடுக்குறேன், அடுத்த பாடத்துல திருப்பித் திருப்பி நடத்துற நேரம் மிச்சமாகுது.

எனக்குப் பெரிய கவலை வாயே தொறக்காத புள்ளைகதான், அதுலயும் பொம்பளப் புள்ளைக ஜாஸ்தி. எல்லார் முன்னாடியும் எந்திரிக்கச் சொன்னா இன்னும் சுருங்கிரும். அதனால முதல்ல நோட்டுல ரெண்டு வரி எழுதச் சொல்றேன், அப்புறம் பக்கத்துல இருக்கவகிட்ட மட்டும் சொல்லணும், அதுக்குப் பிறகுதான் கிளாஸுக்கு. பக்கத்துல இருக்கவ "டீச்சர், இவ சரியாச் சொல்றா"ன்னு கைய புடிச்சு தூக்கிவிட்டா, அந்தப் புள்ள பைய எந்திரிச்சு பேசிரும்.