பையன்கள் ஆடட்டும்: 2016 யாங்கீஸ் நாட்குறிப்பு

ஜூலை 31, ஞாயிறு

நியூயார்க்கின் பேஸ்பால் அணியான எங்கள் யாங்கீஸ் டாம்பா பேயில் ரேஸ் அணியிடம் மூன்று ஆட்டங்களையும் பறிகொடுத்தாச்சு. இப்போது கணக்கு 52 வெற்றி, 52 தோல்வி. தோற்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், தோற்கிற விதம்தான் வயிற்றைப் பிசைகிறது. பந்து வந்து போன பிறகு மட்டை சுழல்கிறது. எங்கள் மூத்த ஆட்டக்காரர்களில் டெஷேராவுக்கு வயது 36, பெல்ட்ரானுக்கு 39, ஏ-ராடுக்கு (அலெக்ஸ் ரோட்ரிகஸ்) போன வாரம் 41 முடிந்தது. போன திங்கள் பந்து எறியும் சாப்மனைச் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்தார்கள், இன்று ஆண்ட்ரூ மில்லரைக் கிளீவ்லாந்துக்கு. பதிலுக்கு வந்தவர்களில் க்ளேபர் டோரஸுக்கு 19 வயது, கிளின்ட் ஃப்ரேசியருக்கு 21.

க்வீன்ஸில் இருக்கும் மச்சான் போன் பண்ணினான். அவன் நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸ் கட்சி. "என்ன மச்சான், கடையைச் சாத்திட்டீங்களா?" என்றான். இல்லடா, இப்பதான் திறக்கிறோம் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 1, திங்கள்

மாலை 4 மணிக்கு டிரேட் கெடு (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நேரம்) முடிவதற்குள் பெல்ட்ரானும் டெக்சஸுக்குப் போய்விட்டார். இந்த வருஷம் நம் அணியில் ஒழுங்காக அடித்தவர் அவர் ஒருவர்தான், 22 ஹோம் ரன் (பந்தை வேலி தாண்டி அடிப்பது). நன்றாக ஆடுகிறவரை விற்றால்தான் நல்ல விலை கிடைக்கும், ஜெனரல் மேனேஜர் கேஷ்மன் செய்தது சரிதான். ஆனாலும் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

வெள்ளிக்கிழமை டெஷேரா இந்த சீசனோடு ஓய்வு என்றார். இன்று ஏ-ராட். வரும் வெள்ளி கடைசி ஆட்டமாம். 696 ஹோம் ரனில் நிற்கிறார், 700-க்கு இன்னும் நாலுதான். அவர் ஊக்கமருந்து விவகாரத்தில் 2014 முழுக்கத் தடையில் இருந்தவர், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் மகன் பிறந்த வருஷத்திலிருந்து பார்த்து வருகிற ஆட்டக்காரர், நாலு வாரமாக பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்று ஆட விடணும், இல்லை அனுப்பிவிடணும்.

ஆகஸ்ட் 10, புதன்

பாஸ்டனில் ஜெயித்தோம், 9-4. கேரி சான்செஸ் முதல் ஹோம் ரன் அடித்தார். டொமினிக்கன் குடியரசிலிருந்து 16 வயதில் 30 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமான பையன், ஏழு வருஷம் மைனர் லீகில் (கீழ்நிலை அணிகளில்) காத்திருந்திருக்கிறார். 23 வயதுதான் ஆகிறது, ஆனால் நமக்கு ஏதோ ரொம்ப நாளாகப் பேர் கேட்டு அலுத்துவிட்ட மாதிரி. கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) இடத்தில் மெக்கேன் இருந்ததால் கதவு திறக்கவே இல்லை. இப்போது மெக்கேனை டிஎச் (மட்டை மட்டும் பிடிப்பவர்) ஆக்கிவிட்டு இவரைப் பிளேட்டுக்குப் பின்னால் உட்காரவைக்கிறார் மேனேஜர் ஜிரார்டி. அடிக்கிறதை விடுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டாவது பேஸுக்கு (ஓடுகிறவர் தொடவேண்டிய இடம்) எறிகிறாரே, பந்து மேலே எழும்பாமல் கயிறு கட்டி இழுத்த மாதிரி போகிறது.

ஆகஸ்ட் 12, வெள்ளி

ஏ-ராடுக்கு விழா எடுத்தபோது சரியாக இடி இடித்து மழை கொட்டியது, பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஒன்பது சுற்றில் முதல் இன்னிங்ஸிலேயே ஒரு டபிள் (இரண்டாவது பேஸ் வரை ஓடும் அடி) அடித்து ஒரு ரன் கொண்டுவந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்றாவது பேஸுக்கு அனுப்பி, ஒரே ஒரு பேட்டர் முடிந்ததும் வெளியே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஜெயித்த பிறகு அவர் திரும்பப் போய் மூன்றாவது பேஸ் பக்கம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். டிவி முன்னால் யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 13, சனி

இன்னும் கை நடுங்குகிறது, அப்படியே எழுதிவிடுகிறேன். மகனோடு ஸ்டேடியத்தில் இருந்தேன். 1996-இல் கோப்பை வென்ற அணியை 20 வருஷம் ஆனதற்காகக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். அப்புறம் ஆட்டம். இரண்டாவது இன்னிங்ஸில் டைலர் ஆஸ்டின், பெரிய லீகில் முதல் முறையாக மட்டை பிடிக்கிறார், 17 வயதில் புற்றுநோய் வந்து மீண்டவர். வலது பக்கம் ஹோம் ரன்! கத்தி முடித்து உட்காரக்கூட இல்லை, அடுத்து ஏரன் ஜட்ஜ். 6 அடி 7 அங்குலம், முதுகில் 99. அவருக்கும் இதுதான் முதல் முறை. அடித்த பந்து சென்டர் ஃபீல்டுக்கு மேலே போய் அங்கிருக்கும் கண்ணாடிச் சுவரின் உச்சியில் பட்டது. ஒரு விநாடி அரங்கமே மூச்சுப் பிடித்து நின்றது, பிறகுதான் சத்தம் வந்தது. ஒரே அணியின் இரண்டு பேர் ஒரே ஆட்டத்தில் தங்கள் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தது லீக் வரலாற்றில் இதுவரை நடந்ததே இல்லை. மகன், "அப்பா, நாம நேர்ல பாத்தோம்" என்று ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆகஸ்ட் 31, புதன்

இந்த ஒரே மாதத்தில் சான்செஸுக்கு 11 ஹோம் ரன்.

செப்டம்பர் 14, புதன்

ஜட்ஜுக்கு நேற்று விலாப்பக்கத் தசை பிடித்துக்கொண்டது, இந்த வருஷம் அவருக்கு அவ்வளவுதான். 84 முறையில் 42 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது), மட்டைச் சராசரி வெறும் .179. இரண்டுக்கு ஒன்று வீண். ஆபீசில் ஒருவர், "பெரிய உடம்பு, வெளியே போகிற பந்தைத் துரத்துறான், தேறமாட்டான்" என்றார். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. முதல் நாள் ஹோம் ரன் அடித்தவனுக்கு அடுத்த நாள் இடம் கொடுப்பது பெரிய காரியமில்லை. மூன்று முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவனின் பெயர் மறுநாளும் பட்டியலில் இருப்பதுதான் வாய்ப்பு. ஜிரார்டி பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) கனவு இருந்தும் அதைச் செய்தார், அதற்கு அவரைப் பாராட்டுகிறேன்.

செப்டம்பர் 28, புதன்

டெஷேரா! ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸும் நிரம்பியிருக்க, பாஸ்டனுக்கு எதிராக ஆட்டத்தை முடித்த கிராண்ட் ஸ்லாம் (நாலு ரன் தரும் ஹோம் ரன்), 5-3. இன்னும் நாலே நாள் ஆடப்போகிறவர். டிவிஷன் பட்டம் (நம் பிரிவின் முதலிடம்) பாஸ்டனுக்குப் போய்விட்டது, போகட்டும். வீரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து முதலில் குதித்து ஓடிவந்ததெல்லாம் பையன்கள்தான்.

அக்டோபர் 2, ஞாயிறு

84 வெற்றி, 78 தோல்வி, நான்காவது இடம், பிளேஆஃப் இல்லை. சான்செஸ் 53 ஆட்டத்தில் 20 ஹோம் ரன். டெஷேரா தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார். மகன் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே, "ஏப்ரல்ல ரைட் ஃபீல்டுல ஜட்ஜ்தானே நிப்பாரு?" என்று கேட்டான். நிற்கணும்டா என்றேன்.