இரவல் வரிகளில் ஒரு குரல்

அமெரிக்க ராக் பாடகர் மார்க் லேனகனை நான் முதன்முதலில் கேட்டது, முழுக்க முழுக்கப் பிறருடைய பாடல்களையே அவர் பாடி 1999இல் வெளியிட்ட ‘ஐ வில் டேக் கேர் ஆஃப் யூ’ ஆல்பத்தில்தான். கீழ் ஸ்தாயியில் கரகரத்து ஒலித்த அந்தக் குரலைக் கேட்டபோது, அவ்வரிகளை எழுதியவர் வேறொருவர் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

பிறர் எழுதியதைப் பாடுவது தொடக்கத்தில் அவருக்கு உவப்பாக இருக்கவில்லை. 1964இல் வாஷிங்டன் மாநிலத்தின் எலன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்த லேனகன், 1980களின் நடுவில் அங்கேயே கானர் சகோதரர்களுடன் சேர்ந்து ‘ஸ்க்ரீமிங் ட்ரீஸ்’ இசைக்குழுவின் பாடகரானார். தொடக்ககாலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை கிதார் கலைஞர் கேரி லீ கானரே எழுதினார். தமக்கு ஒட்டாத சொற்களைப் பாட நேர்ந்த மனக்குறையை, 2020இல் வெளிவந்த தன்வரலாற்றில் லேனகன் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1992இல் ‘நியர்லி லாஸ்ட் யூ’ பாடலால் குழு பரவலாக அறியப்பட்டது, 2000இல் கலைந்தது.

அதற்குள் அவர் தமக்கெனத் தனிவழி ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1989இல் லேனகனும் ‘நிர்வாணா’ குழுவின் பாடகர் குர்ட் கோபேனும், பழைய அமெரிக்க நாட்டார், ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லியின் மீது கொண்ட பற்றினால் அவர் பாடிய பழம்பாடல்கள் சிலவற்றை ஒலிப்பதிவு செய்யக் கூடினார்கள். அந்த முயற்சி தனி ஆல்பமாக முழுமை பெறவில்லை என்றாலும், ‘வேர் டிட் யூ ஸ்லீப் லாஸ்ட் நைட்’ என்ற பாடல் 1990இல் சப் பாப் நிறுவனம் வெளியிட்ட லேனகனின் முதல் தனி ஆல்பமான ‘தி வைண்டிங் ஷீட்’டில், கோபேனின் கிதாருடன் இடம்பெற்றது. 1993 நவம்பரில் எம்டிவி நிகழ்ச்சியின் இறுதியில் நிர்வாணா குழு பாடியதால் உலகறிந்த அதே பாடல்தான் இது. லேனகனின் பதிவைத் தேடிக் கேட்டவர்கள் மிகச் சிலரே என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

1994இல் வந்த ‘விஸ்கி ஃபார் தி ஹோலி கோஸ்ட்’ ஆல்பத்தில் பாடலாசிரியராக அவர் முதிர்ந்துவிட்டார் என்பது என் கணிப்பு. சொந்த மொழி கைவந்த பிறகே, பிறர் வரிகளுக்கு அவரால் மனமுவந்து இடம் கொடுக்க முடிந்திருக்க வேண்டும். ‘குவீன்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ்’ குழுவில் பலருள் ஒருவராக நின்று பாடினார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இசோபெல் கேம்ப்பெலுடன் 2006, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஆல்பங்கள் வெளியிட்டார். அவற்றில் பெரும்பாலான பாடல்களை எழுதியவர் கேம்ப்பெல். அவருடைய மெல்லிய குரலுக்குக் கீழே லேனகனின் குரல் தரையைப் போல விரிந்து கிடக்கும். அவர் பாடியவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை இவையே.

போதைப் பழக்கம் அவரது வாழ்வின் பல ஆண்டுகளைத் தின்றது. தன்வரலாற்றை எழுதிய அனுபவத்திலிருந்து கிளைத்த பாடல்களை ‘ஸ்ட்ரெயிட் சாங்ஸ் ஆஃப் ஸாரோ’ என்ற ஆல்பமாக அதே 2020இல் வெளியிட்டார். 2022 பிப்ரவரி 22 அன்று, அயர்லாந்தின் கில்லார்னியில், தமது 57ஆம் வயதில் காலமானார். செய்தி அறிந்த இரவில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது, டிம் ஹார்டின் எழுதி லேனகன் பாடிய ‘ஷைலோ டவுன்’.