பாக்ஸ்வுட் வேலியில் கருகல் நோய்

இங்கிலாந்தில் எங்கள் வீட்டு முன்புறம் வேலியாக நிற்கும் பாக்ஸ்வுட் என்னும் பசுமைமாறாப் புதர்ச்செடிகளில், சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு அடிப்பகுதி இலைகள் கொட்டி வெறும் குச்சிகள் தெரிந்தபோது, வேரில் நீர் தேங்கியதால் வந்த வினை என்றே நினைத்தேன். குனிந்து ஒரு கிளையை விலக்கிப் பார்த்தபோதுதான், பச்சைத் தண்டில் மையால் இழுத்ததுபோல் நீளவாக்கில் கருங்கோடுகளும், இலைகளில் கரும்பழுப்புப் புள்ளிகளும், அவற்றின் அடிப்புறத்தில் வெண்மையான வித்துத்திரளும் (பூஞ்சை பரவ உதவும் நுண்வித்துகளின் கூட்டம்) கண்ணில் பட்டன.

1990-களில் இங்கிலாந்தில் தென்பட்டு, 2011-இல் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்ட கலோனெக்ட்ரியா என்னும் பூஞ்சையே இதற்குக் காரணம். வொலுடெல்லா என்னும் வேறொரு பூஞ்சையும் இச்செடியைத் தாக்கும். ஆனால் அதன் வித்துத்திரள் இளஞ்சிவப்பாக இருக்கும், தண்டில் கருங்கோடுகள் இரா, காய்ந்த இலைகளும் பெரும்பாலும் கிளையிலேயே தங்கியிருக்கும்.

கலோனெக்ட்ரியாவின் வித்துகள் பிசுபிசுப்பானவை. மழைத்துளி தெறிப்பதாலும், கத்தரிக்கோல், கையுறை, காலணி ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டும் பரவுகின்றன. ஆகவே செடிகள் ஈரமாக இருக்கும்போது கத்தரிப்பதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். நோயுற்ற செடிகளை வெட்டி, உதிர்ந்த இலைகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் கட்டி அகற்றினேன். உதிர்ந்த இலைகளில் இப்பூஞ்சை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், அவற்றை உரக்குழியில் போடவே கூடாது. பூஞ்சைக்கொல்லி நலமான செடியைக் காக்குமே தவிர, நோய் பற்றிய செடியைக் குணப்படுத்தாது. வெற்றிடத்தில் இப்போது யூ (yew) என்னும் ஊசியிலை மரத்தின் கன்றுகளை நட்டிருக்கிறேன்; மீதமுள்ள பாக்ஸ்வுட் செடிகளுக்கு இலை நனையாமல் வேரடியில் மட்டுமே நீர் ஊற்றுகிறேன்.